மொரிஷியஸ் அரசு தமிழரை எத்தனை விதமாக எண்ணுகிறது?

மொரிஷியசில் தேர்தல் சீர்திருத்தப் பேச்சு எழும்போதெல்லாம் தமிழர் கூட்டங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “பெஸ்ட் லூசர் முறையில் தமிழருக்கு என்ன பங்கு?” தேர்தலில் தோற்றவர்களில் முன்னணியில் நின்ற சிலருக்குச் சமூகக் கணக்குப்படி நாடாளுமன்ற இடம் தரும் முறை அது. சிலர் அதை ஒழிக்கக் கூடாது என்கிறார்கள், அது நமக்குப் பாதுகாப்பு என்று. சிலர் அதில் தமிழருக்குத் தனி இடம் கேட்கிறார்கள். இரு தரப்பிலும் பலருக்கு அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. சிறுபான்மையினரைச் சேர்த்துக்கொள்ளும் கொள்கை இந்த நாட்டில் ஒரே சட்டத்தில் இல்லை. தேர்தலுக்கு ஒரு கணக்கு, கோயில் மானியத்துக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கூடத்துக்கு வேறொன்று. ஒவ்வோர் இடத்திலும் “தமிழர்” என்ற பிரிவு ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது, அல்லது தோன்றாமலே போகிறது.

## முதலில் பின்னணி

இந்தத் தீவில் ஆதிகுடிகள் என்று யாரும் இல்லை. எல்லோரும் வந்தவர்களே. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1735-ல் ஆளுநராக வந்த லபூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். தமிழரின் முதல் பெரிய அலை அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கம். சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும் கணிசம். பம்பாய் வழியாக மராத்தியர். அவர்கள் ஏறி வந்த படிகள் இருக்கும் ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆக, இங்கே “குடியேறியவர்”, “சிறுபான்மை” என்ற இரண்டும் ஐரோப்பாவில் போல ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. குடியேறியவர்களின் வாரிசுகளே நாடு. யாரை எந்தப் பிரிவில் வைப்பது என்பதே வழக்கு.

## நான்கு பெட்டிகள்

1968 மார்ச் 12 அன்று விடுதலை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த தேர்தலில் வாக்காளரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் விடுதலையை எதிர்த்த கட்சிக்கு வாக்களித்திருந்தார்கள். இந்துப் பெரும்பான்மை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற பயம் முஸ்லிம்களிடமும் சீனர்களிடமும், அடிமைகளின் வழி வந்த கிரியோல்களிடமும் இருந்தது. அந்தப் பயத்தைத் தணிக்கப் பிரிட்டிஷ் ஆட்சி 1966-ல் தேர்தல் முறையை ஆராயப் பான்வெல் ஆணையத்தை அமைத்தது. அதன் பரிந்துரைகளும், அவற்றின் மேல் நடந்த பேரமும் சேர்ந்து உருவானதே பெஸ்ட் லூசர் முறை: தோற்றவர்களில் முன்னணியில் நின்றவருக்கு இடம்.

அரசியலமைப்பின் முதல் அட்டவணை மக்களை நான்காகப் பிரிக்கிறது:

1. இந்து சமூகம்
2. முஸ்லிம் சமூகம்
3. சீன-மொரிஷியச் சமூகம்
4. பொது மக்கள் பிரிவு

நான்காவதற்கு விளக்கம் விசித்திரமானது. “வாழ்க்கை முறையைப்” பார்த்தால் முதல் மூன்றில் எதிலும் சேராதவர் யாரோ அவர் பொது மக்கள். அதாவது மிச்சம். முதல் மூன்றிலும் ஒழுங்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. இரண்டு சமயத்தின் பெயரில், ஒன்று வந்த நாட்டின் பெயரில். கத்தோலிக்கச் சீனர் எங்கே, கிறிஸ்தவத் தமிழர் எங்கே என்று கேட்டால் சட்டம் “வாழ்க்கை முறை” என்ற ஒற்றைச் சொல்லைத்தான் நீட்டுகிறது. அதை அளக்கக் கோல் எதுவும் தரப்படவில்லை.

## கணக்கு எப்படி நடக்கிறது

தொகுதிகள் 21. மொரிஷியஸ் தீவில் 20. ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர். ரொட்ரீக் தீவுக்கு ஒரு தொகுதி, இரண்டு உறுப்பினர். மொத்தம் 62. இதற்கு மேல் அதிகபட்சம் 8 பெஸ்ட் லூசர் இடங்கள். அவற்றைப் பங்கிடும் முறை:

1. ஒவ்வொரு வேட்பாளரும் மனுத் தாக்கலின்போதே தான் எந்தச் சமூகம் என்று அறிவிக்க வேண்டும்.
2. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அதற்குக் கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள்.
3. எதற்குப் பெரிய ஈவு வருகிறதோ அந்தச் சமூகத்துக்கு அடுத்த இடம். அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் அதிக விழுக்காடு வாக்குப் பெற்றவர் உள்ளே வருவார். கட்சி வேட்பாளருக்கு மட்டுமே இது, சுயேச்சைக்குக் கிடையாது.
4. முதல் நான்கு இடங்கள் கட்சி பாராமல் போகும். அதனால் கட்சிகளின் பலம் கலைந்திருந்தால் அடுத்த நான்கு இடங்கள் அதைச் சரிக்கட்டும்.

ஒரு கற்பனைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். 1972 கணக்கெடுப்பின்படி, எண்களைச் சற்று முழுமையாக்கி, இந்து 4,28,000; முஸ்லிம் 1,37,000; சீனர் 24,000; பொது மக்கள் 2,61,000. 62 இடங்களில் இந்துக்கள் 38, முஸ்லிம்கள் 8, சீனர் 1, பொது மக்கள் 15 என்று வென்றதாக வைப்போம்.

- இந்து: 4,28,000 ÷ 39 = 10,974
- முஸ்லிம்: 1,37,000 ÷ 9 = 15,222
- சீனர்: 24,000 ÷ 2 = 12,000
- பொது மக்கள்: 2,61,000 ÷ 16 = 16,312

முதல் இடம் பொது மக்களுக்கு. இப்போது அவர்களுக்கு 16 ஆகிவிட்டதால் 17-ஆல் வகுக்க வேண்டும்: 15,353. இன்னமும் அதுவே பெரிது. இரண்டாவது இடமும் அவர்களுக்கே. மறுபடி வகுத்தால் 14,500. இப்போது முஸ்லிம்களின் 15,222 முந்துகிறது, மூன்றாவது அவர்களுக்கு. முஸ்லிம்களின் ஈவு 13,700 ஆக இறங்குகிறது. நான்காவது மீண்டும் பொது மக்களுக்கு. இந்துக்களின் 10,974 எந்தச் சுற்றிலும் பக்கத்தில்கூட வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழர் கதை இங்கேதான் தொடங்குகிறது.

## ஏன் இன்னும் 1972?

இந்தக் கணக்குக்குச் சமூகவாரியான மக்கள்தொகை வேண்டும். அப்படிக் கடைசியாகக் கேட்டது 1972 கணக்கெடுப்பு. 1982-ல் எதிர்க்கட்சிக் கூட்டணி மொரிஷியஸ் தீவின் இடங்களில் 60-க்கு 60 வென்று ஆட்சிக்கு வந்தது. சாதி சமூகப் பிரிவினையை ஒழிப்போம் என்று வந்தவர்கள் அவர்கள். கணக்கெடுப்பிலிருந்து சமூகக் கேள்வியை எடுத்தார்கள். ஆனால் பெஸ்ட் லூசர் முறையை எடுக்கவில்லை. 1972 எண்களையே நிரந்தரமாக்கி அரசியலமைப்பைத் திருத்தினார்கள்.

கேள்வியை நிறுத்திவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்டது அரைகுறை வேலை. அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். அவர் இன்னமும் குழந்தையாகவே அந்தக் கணக்கில் இருக்கிறார்.

எதிர்ப்பும் வந்தது. “ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்நாதிவ்” என்ற இடதுசாரி அமைப்பின் வேட்பாளர்கள் சமூகத்தை அறிவிக்க மறுத்தார்கள், மனுக்கள் தள்ளுபடியாயின. 2010 தேர்தலில் மட்டும் இந்தக் காரணத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. 2012-ல் குழு சொன்னதை இங்கே பலர் தப்பாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். முறையே தவறு என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. புதுப்பிக்கப்பட்ட மக்கள்தொகை எண் கையில் இல்லாமல் வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது தேர்தலில் நிற்கும் உரிமையை மீறுகிறது என்றது. அதாவது இரண்டு வழி திறந்திருந்தது: மறுபடி எண்ணுங்கள், அல்லது கட்டாயத்தை விடுங்கள்.

அரசு மூன்றாவது வழியைப் பிடித்தது. 2014 தேர்தலுக்கு மட்டும் அறிவிக்காமலும் நிற்கலாம் என்று தற்காலிகத் திருத்தம் கொண்டுவந்தது. அது அந்தத் தேர்தலோடு முடிந்தது. 2019-ல் பழைய கட்டாயம் திரும்பியது. நிரந்தரத் திருத்தத்துக்கான 2018-ஆம் ஆண்டு மசோதா நாடாளுமன்றத்தில் தேவையான முக்கால் பங்கு ஆதரவு கிடைக்காமல் நின்றுபோனது.

## இந்தப் பெட்டிகளில் தமிழர் எங்கே?

இந்துப் பெட்டிக்குள். தமிழர், தெலுங்கர், மராத்தியர், பீகார்ப் பக்கமிருந்து வந்த போஜ்புரி மொழிக்காரரின் வாரிசுகள் எல்லோரும் தேர்தல் சட்டத்தின் கண்ணில் ஒன்று. அந்தப் பெட்டியின் ஈவு வழக்கமாக அடியில் கிடப்பதால், சமூக அடிப்படையில் தரும் முதல் நான்கு இடங்களில் தோற்ற தமிழர் ஒருவர் உள்ளே வருவது ஏறக்குறைய நடவாத காரியம். பெஸ்ட் லூசர் முறை தமிழரின் பாதுகாப்பு என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அப்படியானால் தமிழ் அமைச்சர்கள் எப்படி வந்தார்கள்? கட்சிகளின் எழுதப்படாத கணக்கால். எந்தத் தொகுதியில் எந்தச் சமூகத்தவரை நிறுத்துவது, அமைச்சரவையில் யாருக்கு எத்தனை, குடியரசுத் தலைவர் ஒரு பக்கம் என்றால் துணைத் தலைவர் எந்தப் பக்கம் என்று தலைவர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பார்கள். 1992-ல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரான வீராசாமி ரிங்காடு தமிழர். சில மாதங்களே இருந்தார். பரமசிவம் பிள்ளை வையாபுரி துணைத் தலைவராக இருந்து, 2018-19-ல் தற்காலிகத் தலைவராகப் பொறுப்பு வகித்தார். இந்தப் பதவிகளில் எதுவும் சட்டத்தால் தமிழருக்கு உறுதி செய்யப்பட்டதல்ல. கட்சித் தலைவர் மனம் வைத்தால் உண்டு.

தனிப் பெட்டி கேட்பவர்களின் வாதத்தையும் எண்களில் வைத்துப் பார்ப்போம். தமிழர் மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காடு. மேலே கண்ட மொத்தத்தில் அது 51,000. கற்பனைத் தேர்தலில் தமிழர் இருவர் மட்டும் வென்றிருந்தால் 51,000 ÷ 3 = 17,000. அந்த எண் எல்லோரையும் முந்தும். முதல் இடம் தமிழருக்கு. மூவர் வென்றிருந்தாலோ 51,000 ÷ 4 = 12,750. நான்கு சுற்றிலும் இடமில்லை. ஆக, இருவர் வென்ற நிலையில் தனிப் பெட்டியால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஓர் இடம். அதைவிடக் குறைவாக வென்றிருந்தால் கூடுதல் இடம் அதிகமாகும்; ஆனால் மொத்தம் மூவரைத் தாண்டாது. அந்தச் சில இடங்களுக்காக நாடு முழுவதும் மறுபடி சமூகவாரியாக எண்ண வேண்டும். பேரம் கட்டுபடியாகாது என்பது என் கருத்து.

## மிச்சப் பெட்டியின் சிக்கல்

பெட்டி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழரைவிடக் கூர்மையான சான்று கிரியோல் மக்கள். “பொது மக்கள்” என்ற பெட்டிக்குள் சர்க்கரை ஆலைகளின் சொந்தக்காரர்களான பிரெஞ்சு வழி வந்த சிறு கூட்டமும், அடிமைகளின் வாரிசுகளான கிரியோல்களும் ஒன்றாக அடைபட்டிருக்கிறார்கள். தீவின் செல்வத்தின் உச்சியும் வறுமையின் அடியும் ஒரே தலைப்பின் கீழ். சராசரி எடுத்தால் குறை எதுவும் தெரியாது.

தெரிந்தது 1999 பிப்ரவரியில். காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்ததும் நாடு சில நாள் பற்றி எரிந்தது. வெளியில் “பொருளாதார அதிசயம்” என்று புகழப்பட்ட நாடு அது. பிறகுதான் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குத் தனித் திட்டம், அடிமை முறையின் விளைவுகளையும் பறிபோன நிலங்களையும் ஆராய உண்மை மற்றும் நீதி ஆணையம் எல்லாம் வந்தன. அந்த ஆணையம் 2011-ல் அறிக்கை தந்தது. நிலத்தைப் பற்றிய அதன் பரிந்துரைகள் மெதுவாகவே நகர்கின்றன.

## பணத்தாளிலும் கோயிலிலும் வேறு கணக்கு

தேர்தலில் மறைந்துபோகும் தமிழர், அரசின் மற்ற அறைகளில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

ஒரு மொரிஷியஸ் பணத்தாளை எடுத்துப் பாருங்கள். தொகை ஆங்கிலத்தில், அடுத்துத் தமிழில், அதன் பின் தேவநாகரியில். 1998-ல் வெளியிட்ட புதிய தாள்களில் இந்த வரிசை மாறித் தமிழ் மூன்றாவதாக இறங்கியது. தமிழர் கொதித்தெழுந்தார்கள். இந்தியாவிலிருந்து முதலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள், பழைய வரிசையை ஏன் மாற்ற வேண்டும் என்பது வாதம். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாயின. முகங்களும் கணக்குப் பார்த்து வைத்தவையே. 100 ரூபாயில் முன்னாள் கல்வி அமைச்சர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர். 25-ல் சீனர் ஆ-சுவேன், 200-ல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 1000-ல் கிரியோல் மக்களின் தலைவர் கெய்தான் துவால், 2000-ல் விடுதலை பெற்றுத்தந்த சிவசாகர் ராம்கூலம். சட்டைப்பைக்குள் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு!

விடுமுறை: தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் இல்லை. தெலுங்கருக்கு உகாதி, மராத்தியருக்கு விநாயகர் சதுர்த்தி என்று மொழிக்கு ஒன்றாகப் பங்கு. கத்தோலிக்கரின் இரு திருநாள்கள்கூட ஓராண்டு இது, மறு ஆண்டு அது என்று மாறி மாறி வருகின்றன.

மானியம்: பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கத்தோலிக்கத் திருச்சபைக்கு அரசுப் பணம் போய்க்கொண்டிருந்தது. பின்னர் மற்றச் சமயங்களுக்கும் அது விரிந்தது. ஒவ்வொரு சமய அமைப்புக்கும் கணக்கெடுப்பில் வந்த தலை எண்ணிக்கையை ஒட்டித் தொகை. தமிழ்க் கோயில்களுக்கு அது கோயில் கூட்டமைப்பு வழியாக வருகிறது. வெளிநாட்டுத் தமிழர்களைக் குழப்பும் ஒரு செய்தி இங்கேதான் பிறக்கிறது: மொரிஷியஸ் கணக்கெடுப்பில் சமயம் என்ற கேள்விக்கு “தமிழ்” என்று பதில் எழுதுகிறவர்கள் பல்லாயிரம். 2011-ல் சுமார் 72 ஆயிரம் பேர் அப்படி எழுதினார்கள். சமூகக் கேள்வி போய்விட்டது. சமயக் கேள்வி இருக்கிறது. பணம் அதைப் பார்த்து வருகிறது. “இந்து” என்று எழுதினால் தமிழ்க் கோயிலின் தலைக்கணக்கில் ஒன்று குறையும். தனி அடையாளம் வேண்டும் என்ற உணர்வும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படிவத்தின் அமைப்பும் அந்த உணர்வை ஊட்டி வளர்க்கிறது.

## பள்ளிக்கூடம்: ஒரு மணி நேரத்தில் பிரியும் வகுப்பு

தொடக்கப் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் எல்லோருக்கும். பிறகு விருப்பப் பாடமாக ஒரு மொழி: இந்தி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது, அரபு, சீனம். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. புலம்பெயர்ந்த தமிழர் வேறு பல நாடுகளில் வார இறுதி வகுப்பை நன்கொடையில் ஓட்டுகிறார்கள்; இங்கே பள்ளி நேரத்திலேயே, அரசுச் செலவில். இது சாதாரணச் சலுகை இல்லை.

ஆனால் அந்த மணி அடித்ததும் வகுப்பு கலைகிறது. ஒரே பெஞ்சில் இருந்து, நாட்டின் பொதுப் பேச்சு மொழியான கிரியோலில் கதையடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மூவர், தமிழ் அறைக்கு ஒருவர், இந்தி அறைக்கு ஒருவர், உருது அறைக்கு ஒருவர் என்று எழுந்து போகிறார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற பெயரில் பிள்ளை தன் சமூகத்தைத் தெரிந்துகொள்கிறது. கிரியோல் பிள்ளைக்கு 2012 வரை போக அறையே கிடையாது. அந்த ஆண்டுதான் கிரியோலும் விருப்பப் பாடமானது. அதே வரிசையில், அதே நேரத்தில். அதனால் தமிழ்ப் பிள்ளை தமிழையோ, வீட்டில் பேசும் கிரியோலையோ, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசியது கிரியோல். தமிழ் பேசும் வீடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மொழிப் பாடம் ஓர் ஆட்சியையே கவிழ்த்ததுண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வின் தரவரிசைக்குக் கீழை மொழிகளின் மதிப்பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை; நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் அந்த வரிசையைப் பொறுத்திருந்தது. சேர்த்தால் அந்த மொழி படிக்காத கிரியோல் பிள்ளைகளுக்குப் பாதகம் என்று வழக்கு நடந்தது, நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1995-ல் அரசு அரசியலமைப்பைத் திருத்த முயன்றது. முக்கால் பங்கு ஆதரவு இல்லை. பிரதமர் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். 60-க்கு 60 எதிரணிக்கு.

## சம வாய்ப்புச் சட்டம்: எண்ணாமல் எப்படி நிரூபிப்பது?

2008-ல் இயற்றப்பட்டு 2012-ல் நடைமுறைக்கு வந்த சம வாய்ப்புச் சட்டம் வேறு வகை. அது பெட்டிகளைக் கேட்பதில்லை. வேலை, கல்வி, வீட்டு வாடகை, சேவைகள் போன்றவற்றில் சாதி, இனம், நிறம், சமயம், பிறந்த இடம், பாலினம், அரசியல் கருத்து முதலிய காரணங்களால் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. சாதியும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவர் சம வாய்ப்பு ஆணையத்துக்குப் போகலாம். சமரசம் ஆகாவிட்டால் தீர்ப்பாயம்.

தனி ஒருவரின் புகாருக்கு இது பயன்படும். “அந்தப் பதவி உயர்வு எனக்கு ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்கலாம். ஆனால் “இந்தத் துறையில் எங்கள் ஆட்களையே எடுப்பதில்லை” என்பதை நிரூபிக்கத் துறைவாரி, சமூகவாரி எண்கள் வேண்டும். 1972-க்குப் பிறகு அப்படி எண்ணுவதையே நாடு விட்டுவிட்டது. இந்த முட்டுச்சந்துக்கு எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. அரசியல் இடத்துக்காக எண்ணினால் பிரிவு இறுகும். பாகுபாட்டைக் கண்டுபிடிக்கவோ எண்ணித்தான் ஆக வேண்டும். பெயரில்லாத ஆய்வுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி, அதைத் தேர்தலோடும் மானியத்தோடும் இணைக்காமல் வைப்பது ஓரளவு உதவலாம். அதைக் கேட்கும் அரசியல்வாதிதான் அபூர்வம், ஏனென்றால் அதில் பங்கு பிரிக்க எதுவும் வராது.

## புதிதாக வந்தவர்கள்

மேலே சொன்ன பண்டிகை, மானியம், மொழி எல்லாம் பழைய வரவுகளின் வாரிசுகளுக்கு. இன்று ஆடை ஆலைகளிலும் கட்டட வேலையிலும் பேக்கரிகளிலும் இருக்கும் வங்கதேசத்தார், இந்தியர், நேபாளிகள், மலகாசிகள் (மடகாஸ்கர் நாட்டவர்), இலங்கையர் இதில் சேர்த்தி இல்லை. அவர்களுக்கு இரண்டு கதவுகள்.

1. தொழில்முறை வல்லுநரும் முதலீட்டாளரும்: வேலையும் வசிப்பும் சேர்ந்த ஒரே அனுமதி. குடும்பத்தையும் கூட்டி வரலாம்.
2. தொழிலாளி: அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளியை விட்டால் அனுமதி போகும். குடும்பம் ஊரிலேயே. தங்குமிடம் பெரும்பாலும் முதலாளி தரும் விடுதி. சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றில் தொழிலாளர் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும்; ஆனால் புகார் சொன்னால் விமானம் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் சட்டத்தைவிடப் பெரிது.

இதற்கு நடுவில் பலருக்குத் தெரியாத ஒரு விதி. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் ஒருவர் 18 வயது நிரம்பி, இரண்டு ஆண்டு மொரிஷியசில் வசித்திருந்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். மொரிஷியஸ் குடியுரிமை தேவையில்லை. ஆகவே இலங்கைத் தொழிலாளிக்கு வாக்குண்டு. அவரோடு ஒரே விடுதியில் படுக்கும் நேபாளிக்கும் மலகாசிக்கும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன ஓர் ஓட்டை, வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கொள்கைபோல வேலை செய்கிறது. தேர்தல் நெருங்கும்போது “வெளிநாட்டான் ஓட்டுப் போடுகிறான்” என்ற கூச்சலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கூச்சலிடுகிறவர்களில் ஒப்பந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரர்களும் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தொழிலாளரில் தமிழரும் உண்டு. தைப்பூசத்தன்று கோயிலில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பேச்சு என்று வந்தால் உள்ளூர்த் தமிழருக்குக் கிரியோல், வந்தவருக்குத் தமிழ், பாதிச் சைகை. வந்தவர்களுக்கான கிரியோல் வகுப்பை ஒரு கோயில் மண்டபத்தில் நடத்தப் பெரிய செலவாகாது. அரசுக் கொள்கையில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

## அடுத்த திருத்தம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்

2024 தேர்தலில் மீண்டும் ஓர் அணி 60-க்கு 60 வென்றது. அரசியலமைப்பைத் திருத்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அவை 70 பேராக நிரம்பினாலும் 53 போதும். ஆகவே “எண்ணிக்கை இல்லை” என்ற பழைய சாக்கு இம்முறை எடுபடாது. வரைவு வெளியானால் மூன்று இடங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1. சமூக அறிவிப்பு நீங்குகிறதா, தள்ளிப்போகிறதா? 2014 போல ஒரு தேர்தலுக்கு மட்டும் என்றால் பழையபடியே.
2. விகிதாசார இடங்கள், அதாவது கட்சி பெற்ற வாக்கு விகிதப்படி தரும் இடங்கள், எத்தனை? தேர்தல் சீர்திருத்தம் பற்றி 2002-ல் அறிக்கை தந்த சாக்ஸ் ஆணையம் 30 கூடுதல் இடங்களைப் பரிந்துரைத்தது. எண் குறையக் குறைய, 60-0 போன்ற முடிவுகளைச் சமன்செய்யும் வலுவும் குறையும். தமிழர் போன்ற, நாடெங்கும் சிதறி வாழும் சிறு சமூகத்துக்கும் வழி குறுகும்.
3. அந்த இடங்களை நிரப்பும் கட்சிப் பட்டியலின் வரிசையை யார் எழுதுகிறார்கள், எப்போது வெளியிடுகிறார்கள்? வாக்குப் பதிவுக்கு முன்பே பட்டியல் வெளிவந்து, வரிசை மாற்ற முடியாததாக இருந்தால் வாக்காளர் பார்த்து முடிவு செய்யலாம். தேர்தலுக்குப் பிறகு தலைவர் விருப்பப்படி பெயரை எடுக்கலாம் என்று விதி இருந்தால், அரசியலமைப்பிலிருந்து எடுத்த சமூகக் கணக்கு அப்படியே கட்சித் தலைவரின் மேசைக்குப் போகிறது என்று பொருள். தமிழர் விஷயத்தில் இப்போதே நடப்பது அதுதான். இனி அது எல்லோருக்கும் பொதுவாகும்.